விஜயராணி வாசித்த "சரி"

நாடகம் எழுதும் மாணவர்களுக்கு விஜயராணி முதலில் சொல்லிக்கொடுப்பது, காதால் கேட்பதைத்தான். எழுதியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். வேறொருவர் உணர்ச்சியே காட்டாமல், பஸ் போர்டைப் படிப்பதுபோல வாசிக்க வேண்டும். அப்போதுதான் வசனம் எங்கே நொண்டுகிறது என்று தெரியும். நல்ல நடிகர் வாசித்தால், எழுத்தில் இருக்கும் பள்ளத்தையெல்லாம் மூச்சாலும் இடைவெளியாலும் நிரப்பிவிடுவார். கேட்கிறவர்களுக்கு ரோடு சமமாக இருப்பதாகத் தோன்றும்.

இந்த விதியைப் போட்டவளே மாணவி யாழினி எழுதிய நாடகத்தில் அதை மீறினாள்.

காற்றில் வாழையெல்லாம் சாய்ந்துபோன ஜீயபுரத்துக் குடும்பம் ஒன்றின் கதை அது. நிலத்தை விற்றுவிடலாம் என்று மகன் கெஞ்சுகிறான். முடியவே முடியாது என்று நிற்கும் தாய், கடைசியில் "சரி" என்கிறாள். வாசிக்க வேண்டிய பெண் அன்று வரவில்லை. விஜயராணியே தாளைக் கையில் எடுத்தாள். அந்த "சரி"க்கு முன்னால் புடவைத் தலைப்பால் மேஜையை மெல்லத் துடைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். வகுப்பே கலங்கிப்போய்க் கைதட்டியது.

இன்று ஒத்திகை பார்க்க வேறு துறை மாணவர்களும் வந்திருந்தார்கள். தாயாக நடித்த ஜெஸ்லின் "சரி" என்றதும் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது அப்படியே முன்வரிசை வரை பரவியது.

கூட்டம் கலைந்ததும் யாழினி ஜெஸ்லினைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது? மேடம் சொன்னா அழறாங்க, நீ சொன்னா சிரிக்கிறாங்க."

"இருக்கறதத்தானே சொன்னேன். மேஜையத் துடைன்னு பேப்பர்ல எழுதியா குடுத்த?"

"அதையெல்லாமா எழுதுவாங்க? உனக்கு வரல, விடு." யாழினி திரும்பினாள். "மேடம், சனிக்கிழமை ஸ்ரீரங்கம் ஹால்ல நாடகம் போடறப்ப நீங்களே அம்மாவா பண்ணிடுங்களேன். இவ வேணா டிக்கெட் கிழிக்கட்டும்."

ஜெஸ்லின் தலையில் நரைக்காகப் பூசியிருந்த பவுடரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். விஜயராணிக்கு முதலில் வந்தது ஆசைதான். அந்த ஹால், அந்த அமைதி, அந்த ஒற்றைச் சொல். 'பார்க்கலாம்' என்று வாய் வரை வந்துவிட்டது. அப்படி வந்ததை நினைத்தே உடம்பு கூசியது.

"ஜெஸ்லின் மேல தப்பில்லம்மா. அந்த அம்மா ஏன் சம்மதிக்கிறாங்கன்னு நீ எழுதவே இல்ல. காரணமில்லாம மனசு மாறினா சிரிக்கத்தான் செய்வாங்க. அன்னிக்கு நான் நடிச்சு அதை மறைச்சுட்டேன்."

"அது அப்பவே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எல்லாரும் கைதட்டுனீங்க."

யாழினி விஜயராணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிறகு ஜெஸ்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சாரிடி. நீயே சொல்லு, அந்த அம்மா எதுக்கு ஒத்துக்குவாங்க?"

"பசிக்குது. கேன்டீன்ல வெச்சு சொல்றேன். ஆனா காசு நீதான் குடுக்கணும்."

இருவரும் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். வழக்கமாக, "வாங்க மேடம், டீ குடிக்கலாம்" என்று கூப்பிடுவார்கள். இன்றும் கூப்பிடுவார்கள் என்று விஜயராணி செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள். பேச்சுச் சத்தம் மாடிப்படியில் இறங்கித் தேயும்வரை மேடை ஓரத்திலேயே நின்றிருந்தாள்.