கூறைப்புடவை போட்ட மூன்று சுழல்

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, விளக்கக் கட்டுரை. ரேடியோவால் ஓட்டும் சின்ன விமானம் வானத்தில் எப்படிச் சுழல் போடுகிறது என்று இரண்டு பக்கத்தில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். "வலம்" என்று எழுதும்போது, அதற்குக் கன்னடத்தில் "பல" என்பார்களே என்று ஞாபகம் வந்தது. தமிழ் எழுத்தில் அது நம்முடைய "பல"தான். ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது. அங்கேயே கட்டுரை குடைசாய்ந்தது. சாய்ந்த வண்டியிலிருந்து தகரப்பெட்டியோடு ஒருத்தி இறங்கி வந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 1949, சித்திரை. திருச்சுழிக் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த கரிசலுக்கு மேலே வானம்

(வானத்தில் ஆரம்பித்தால் புடவைக்கு வந்து சேர நேரமாகும். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி: அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும்போதே சுப்புலட்சுமி முடிவு செய்துவிட்டாள். புடவை முழுசாகக் கைக்கு வந்தால் வீடு. கிழிந்து வந்தால் மல்லாங்கிணறு, அம்மா வீடு. பெட்டியைத் தூக்கி வந்தது அதற்குத்தான்.

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

அவள் புருஷன் லிங்கம் பட்டாளத்தில் ரேடியோ பழுது பார்த்தவன். சண்டை முடிந்து தறிக்குத் திரும்பும்போது இரண்டு வால்வும், கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு என்ஜினும் கொண்டுவந்தான். மூங்கிலைச் சீவி ஆறடி இறக்கை கட்டினான். இறக்கைக்கு எந்தத் துணியைப் போர்த்தினான் என்பது இன்று காலை அவள் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"ஏங்க, என் கூறைப்புடவைய எங்க வச்சீக?"

கண்மாய்க்குள் நின்ற லிங்கம் விமானத்துக்கு முன்னால் வந்து மறைக்கப் பார்த்தான். அவன் உடம்பு மறைத்தது போக இரண்டு பக்கமும் அரக்குச் சிவப்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"கத்தரி படல சுப்பு. மடிச்சுத்தான் சுத்தியிருக்கேன். கஞ்சி போட்டிருக்கேன், அம்புட்டுத்தான். மூணு சுழல் போட்டு எறக்கிட்டு, அலசிக் குடுத்துருவேன்."

"ஒங்க வேட்டியச் சுத்துறது?"

"வேட்டி நைஞ்சுபோச்சு, காத்து பூந்துரும். இது ஒங்கய்யா தறியில நெஞ்சது. அந்த நெருக்கம் வேற எந்தத் துணியில இருக்கு?"

மாமனாரை அவன் புகழ்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் கோபம் ஒன்றும் குறையவில்லை. (இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். பக்கத்தில் வேற்றாள் இருந்ததால் சண்டை தமிழில் நடந்தது.)

அந்த வேற்றாள் சங்கரபாண்டியன், திருச்சுழியில் கடை வைத்திருப்பவர். ரேடியோவுக்கு வேண்டிய பேட்டரி அவருடையது. முதல் பிரதியில் இவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். பேட்டரியையும் கொடுத்து, உட்காருவதற்கு நாலு சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பையும் சுமந்து வந்த மனுஷனைக் கெட்டவராக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டது இரண்டே இரண்டு.

"ஏலே லிங்கம், ரேடியோப் பொத்தான நாந்தான் அமுக்குவேன். அப்புறம், இது கோயில் இருக்கிற ஊரு. சுத்துனா வலமாத்தான் சுத்தணும். இடமாச் சுத்துனா எங்கடைக்கு எவன் வருவான்?"

3

இப்போது கட்டுரையிலிருந்து கொஞ்சம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுழல் என்பது விமானம் ஆடும் ஆட்டம் அல்ல, தடுக்கி விழுவது. மூக்கைத் தூக்கிக்கொண்டே வேகம் குறைந்தால், ஒரு கட்டத்தில் காற்று இறக்கையைத் தாங்காமல் கைவிட்டுவிடும். அந்த நேரம் பார்த்து வாலில் இருக்கும் திருப்புப் பலகையை ஒரு பக்கம் திருப்பினால், அந்தப் பக்கத்து இறக்கை முதலில் சரியும். விமானம் றெக்கை வைத்த விதைபோலச் சுற்றிக்கொண்டே இறங்கும். நிறுத்த வேண்டுமா? பலகையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

பலகையைத் திருப்புவது முறுக்கிவிட்ட ஒரு ரப்பர். தரையில் பொத்தானை அமுக்கினால் ரேடியோ அலை போய் ஒரு கொக்கியைத் தட்டும். கொக்கி விலகியதும் ரப்பர் ஒரே ஒரு படி நகரும். முதல் அமுக்கு: வலம். இரண்டாவது: நேர். மூன்றாவது: இடம். நாலாவது: நேர். பிறகு மறுபடியும் வலம். நினைத்த பக்கத்துக்கு நேராகப் போக முடியாது, வரிசையாகத்தான் போகவேண்டும்.*

* சுப்புலட்சுமிக்கு இதை யாரும் விளக்கவில்லை. ஒரு மாதமாக அவன் இதைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். தறி மிதிப்பவளுக்கு அடுத்தது எந்தக் கால் என்று தெரியாமலா போகும்?

4

லிங்கம் இருநூறு எட்டு தள்ளிப் போய், என்ஜினைக் கிளப்பி, ஓடி வீசினான். கூறைப்புடவை பறந்தது.

சுப்புலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். அது அழகாக இருந்தது. (இந்த வாக்கியத்தை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன்.)

எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றது. மூக்கு மேலே, வேகம் கீழே. அந்தக் கோடியில் லிங்கம் துண்டை ஒரு தடவை வீசினான். ஒரு வீச்சுக்கு ஒரு அமுக்கு.

சங்கரபாண்டியன் அமுக்கினார். கையோடு இன்னொரு தடவையும் அமுக்கினார்.

"அண்ணாச்சி! எதுக்கு ரெண்டு?"

"கொசுறு தாயீ. அளந்ததுக்கு மேல ஒரு கைப்பிடி போடாம எனக்குக் கை வராது."

வலத்துக்குப் போன பலகை கொசுறால் நேருக்கு வந்துவிட்டது. விமானம் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா மிதந்து, மறுபடி மூக்கைத் தூக்கியது. விவரம் தெரியாத லிங்கம் மறுபடி துண்டை வீசினான். அண்ணாச்சி இந்தத் தடவை ரொம்ப ஒழுங்காக, ஒரே ஒரு தடவை அமுக்கினார். அது மூன்றாவது அமுக்கு.

இடது இறக்கை சரிந்தது. ஜரிகை முந்தி மடிப்பு இருந்த இறக்கை அது, கனம் அதிகம். ஒரு சுழல். இரண்டு சுழல்.

"அய்யய்யோ, இடமால்ல சுத்துது!" என்றார் அண்ணாச்சி.

வலத்துக்குத் திருப்ப வேண்டும், இரண்டு அமுக்கு போதும் என்று சுப்புலட்சுமியின் கால்களுக்குத் தெரிந்தது. ஆனால் அவசரத்தில் வாயில் வருவது வீட்டுப் பேச்சுதான்.

"பல! பல!"

அண்ணாச்சிக்குக் கன்னடம் தெரியாது. தமிழ் நன்றாகத் தெரியும். பல என்றால் பல. அமுக்கினார், அமுக்கினார், கடை மணியை அடிப்பதுபோல அமுக்கிக்கொண்டே இருந்தார். மேலே வால் பலகை கோழித் தலைபோல இப்படியும் அப்படியும் வெட்டியது.

"சாக்கு! சாக்கு!" என்று அலறினாள்.

அவள் சொன்னதற்கு அர்த்தம், போதும் போதும். அண்ணாச்சிக்குக் கேட்டது சாக்கு. கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது.

"நல்ல ரோசனை தாயீ!"

பொத்தானைக் கீழே போட்டுவிட்டு, விரித்திருந்த சாக்கை உருவிக்கொண்டு விமானத்துக்குக் கீழே ஓடினார். பின்னாலேயே அவளும் ஓடினாள், பெட்டியோடு.

5

மூன்றாவது சுழல். விமானத்தைக் கொஞ்சம் இப்படியே நிறுத்திவைக்கிறேன்.

அண்ணாச்சி எத்தனை தடவை அமுக்கினார்? நான் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை. இரண்டு, ஆறு, பத்து என்றால் பலகை வலத்தில் நிற்கும், சுழல் நின்றுவிடும். நாலு, எட்டு, பன்னிரண்டு என்றால் திரும்பவும் இடம்; புடவை கரிசலில் போய்க் குத்தும். ஒற்றைப்படை என்றால் நேர். அப்புறம் எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வடமொழி இலக்கணத்தில், இரண்டை மட்டும் குறிக்கும் இருமைக்குத் தனி இடம் உண்டு. தமிழில் இரண்டிலேயே பன்மை ஆரம்பித்துவிடும். எங்கே முடியும் என்று யாரும் சொல்வதில்லை.

முடிவு அ: புடவை பூப்போல இறங்கியது. சுப்புலட்சுமி (சர்க்கரை கூடிப்போயிற்று.)

முடிவு ஆ: டர்ர்ரென்று (இதை எழுத எனக்குத் தைரியமில்லை. அவளுடைய அய்யா மல்லாங்கிணற்றில் இன்னும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்.)

ஆகையால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கோடியிலிருந்து லிங்கம் ஓடி வருகிறான். தலைக்கு மேலே ஒரு மாத உழைப்பு சுற்றிக்கொண்டு விழுகிறது; அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தகரப்பெட்டியைப் பார்த்து ஓடி வருகிறான். வந்த வேகத்தில் ஒரு கையால் சாக்கின் ஒரு மூலையைப் பிடிக்கிறான். இன்னொரு கையால் பெட்டியின் பிடியை, அவள் கைக்கு மேலேயே, பிடிக்கிறான்.

"விடுங்க!" என்கிறாள், எந்த மொழியில் என்று எனக்குக் கேட்கவில்லை.

"தாயீ, நாலாவது மூலை!" என்று அண்ணாச்சி கத்துகிறார். இரண்டு மூலை அவர் கையில், ஒன்று லிங்கம் கையில். நாலாவது தொங்குகிறது. சுப்புலட்சுமியின் ஒரு கை தானாக மேலே போய், கண் கூசும் வெயிலில் புடவையைத் தேடுகிறது. மூலையைக் குனிந்து எடுத்து இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதற்குப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும்.

விமானத்தை இதற்கு மேல் என்னால் பிடித்துவைக்க முடியாது. பொத்தான் கண்மாய்த் தரையில் கிடக்கிறது. இன்னும் எத்தனை அமுக்கு என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி விஷயத்தை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.