அருள்குமார் எழுதிய பேட்ச்

அருள்குமார் இறந்து சில மாதங்கள் கழித்து, அவன் எழுதிய பேட்ச் பொருந்தாமல் போனது.

சுகுணா கடத்தூரில் தன் வீட்டு மாடி அறையிலிருந்து வேலை பார்ப்பவள். கம்பெனி சேலத்தில். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்பதை விடாமல் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றை அவர்கள் செய்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுத்துவந்தார்கள். கருவிக்குள் ஓடுவது லினக்ஸ். அதற்கு வேண்டிய மென்பொருள்களை எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அந்த மூல நிரலை அப்படியே இறக்கிக்கொள்வார்கள். தங்களுக்கு வேண்டிய திருத்தங்களை மட்டும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கருவிக்கான மென்பொருளை உருவாக்கும் பில்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் வரிசையாக அதன்மேல் ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்குத்தான் பேட்ச் என்று பெயர். மூலத்தில் புதிய பதிப்பு வந்தால் வரிகள் இடம் மாறிவிடும். பழைய பேட்ச் உட்காராது, பில்ட் பாதியில் நின்றுவிடும். பிறகு ஆள் உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும்.

அன்று நின்றது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளில். சுகுணா பேட்ச்சைத் திறந்தாள். முதல் வரியில் அருள்குமாரின் பெயரும் ஆபீஸ் மெயில் முகவரியும் இருந்தன. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவன் நல்லம்பள்ளிக்காரன். அவளோடு அதே டீமில் இருந்தவன், அவளைவிட இளையவன். பைக்கில் சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரி அவன்மேல் ஏறியது.

கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுபடி கரண்ட் வந்தால் கருவியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றுகொள்ளும். பதிவுகள் முன்னும் பின்னுமாகக் குழம்பும். குழம்பிய பதிவை நம்பிக் குழந்தைக்கு ஊசி போட முடியாது. பெட்டியில் இருக்கும் மருந்தைக் கொட்டத்தான் வேண்டும். அருள்குமாரின் பேட்ச் கடிகாரத்தைப் பின்னால் போகவிடாமல், கடைசியாகக் குறித்த நேரத்தில் பிடித்து வைத்தது. நெட்வொர்க் சிக்னல் கிடைத்ததும் சரியான நேரத்துக்கு நகர்த்தியது.

இதை மூலத்தைப் பராமரிப்பவர்களுக்கே அனுப்பி அவர்கள் ஏற்றுக்கொண்டால், பிறகு ஒட்டும் வேலையே இல்லை. அனுப்பு அனுப்பு என்று சுகுணா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் அனுப்பிடறங்க்கா" என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் பேட்ச்சைப் புதிய பதிப்புக்குப் பொருத்தி முடித்துவிட்டு, டீம் லீட் சென்னப்பனைக் கூப்பிட்டு, மூலத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"அனுப்புங்க. உங்க பேர்லயே அனுப்பிடுங்க சுகுணா. பாதிக்கு மேல நீங்கதான மாத்தியிருக்கீங்க? அவரு மெயிலும் இப்ப இல்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவளால் முடியவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் அருள்குமார் பெயரையே விட்டு, பொருத்தி அனுப்பியவர் என்று தன் பெயரைக் கீழே போட்டு அனுப்பினாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் செக் நாட்டில் இருக்கும் ஒரு பெண். திருத்தம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆனால் எழுதியவருக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதாம். நாளைக்கு இதில் சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது? வேலை செய்யும் முகவரி ஒன்று வேண்டும்.

அவன் இறந்துவிட்டான் என்று சுகுணா எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பவில்லை. அவன் மனைவியைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்று பட்டது.

ஐஸ்வர்யா நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். சுகுணா போனது புதன்கிழமை, ஊசி போடும் நாள். தாய்மார்கள் குழந்தைகளோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கக்கா. அவர எடுக்கறப்ப வூட்டுக்கு வந்தீங்க, அப்புறம் இப்பத்தான் பாக்கறன்."

சுகுணா வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அந்தக் கடிகாரமா? நான்தாங்க்கா அவருகிட்ட சண்ட போட்டன். உங்க பொட்டியால மருந்து பூரா கொட்டிட்டு, வந்தவங்கள எல்லாம் திருப்பி அனுப்புனன்னு. மறுநாளே இங்க வந்து, மெயின் சுவிட்ச ஆஃப் பண்றதும் போடறதுமா ஒக்காந்திருந்தாரு."

பிறகு அவள் குரல் மாறியது.

"அன்னிக்கு அவருக்கு லீவுக்கா. புது வெர்ஷன் ஒடனே குடுக்கணும்னு சேலத்துலருந்து போன் வந்துச்சி. சாப்பிடாம கெளம்புனாரு. செத்தப்புறம் மெயில மூடிட்டீங்க. இப்ப அவரு பேரு மட்டும் எதுக்கு உங்களுக்கு?"

"அன்னிக்கு அந்த வேலையில நானும் இருந்தன்" என்றாள் சுகுணா. "நீ வேணாம்னு சொன்னா பேர எடுத்துடறம்மா. ஆனா எழுதுனது அவன். நான் எழுதுனன்னு என்னால போட முடியல."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். ஐஸ்வர்யா எழுந்து போனாள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது, தாய் சமாதானம் சொன்னாள். திரும்பி வந்தபோது ஐஸ்வர்யாவின் கண்கள் சிவந்திருந்தன.

"முகவரி எதுக்குன்னு சொன்னீங்க?"

"இதுல ஏதாவது தப்பு வந்தா, எழுதுனவங்களக் கேப்பாங்க."

"அவர எங்க போயிக் கேக்கறது?" என்றாள் ஐஸ்வர்யா. சுவரோரம் இருந்த குளிர்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு அவரோடதே இருக்கட்டும். மெயிலு உங்களது போடுங்க. யாராவது கேட்டா நீங்க பதில் சொல்லணும். 'எனக்குத் தெரியாது, அவர் எழுதுனது'ன்னு சொல்லிடக் கூடாது."

"சொல்ல மாட்டன்."

அன்று மாலையே சுகுணா செக் நாட்டுப் பெண்ணுக்கு உள்ளதை எழுதினாள். எழுதியவர் விபத்தில் இறந்துவிட்டார், அவர் குடும்பத்தைக் கேட்டுத்தான் பெயரை வைத்திருக்கிறேன், இனி இதற்கு நான் பொறுப்பு. அங்கிருந்து வருத்தம் தெரிவித்து இரண்டு வரி வந்தது. கூடவே, ஒரு இடத்தில் எழுதிய முறையை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மாற்றி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த பதிப்பு வந்தபோது பில்ட் மறுபடி அதே இடத்தில் நின்றது. இந்தத் திருத்தம் ஏற்கெனவே மூலத்தில் இருக்கிறது என்றது. இனி பேட்ச் கோப்பை அழிக்க வேண்டியதுதான். இதற்காகத்தான் இத்தனையும் செய்தாள். ஆனாலும் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். சென்னப்பன் கேட்டபோது, பில்ட் வேறொரு பேட்ச்சில் நிற்கிறது என்று பொய் சொன்னாள். கடைசியில் ஐஸ்வர்யாவுக்குப் போன் செய்தாள்.

"அழிச்சா, அவரு எழுதுனது போயிடுமாக்கா?"

"இல்லம்மா. இதுவரைக்கும் நாம ஒவ்வொரு தடவையும் மேல ஒட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப அதுலயே சேந்துடுச்சி. யாரு எறக்குனாலும் அவன் எழுதுனதும் சேந்துதான் வரும்."

மறுமுனையில் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"அப்ப அழிச்சிடுங்க" என்றாள் ஐஸ்வர்யா. "கொழந்தைங்க காத்துக்கிட்டு இருக்குக்கா, வெச்சிடறன்."

சுகுணா கோப்பை அழித்துவிட்டு பில்டை ஓடவிட்டாள். கடிகார மென்பொருள் நிற்காமல் தாண்டிப் போனது. அவன் செத்த அன்றும் அடக்கத்தின்போதும் அவளுக்கு வராத அழுகை அப்போது வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பில்ட் வேறொரு பேட்ச்சில் நின்றிருந்தது. அதைத் திறந்தாள்.