இழுபடும் பக்கம்

ஸ்மோலாண்ட் காட்டில் புயல் வளைத்துப்போட்ட பிர்ச் மரம் ஒன்று, அதை அறுக்கப் போன அல்கோட்டை அடித்துக் கொன்று ஒரு வாரமாகிறது. அதே புயலில் வளைந்த இன்னொன்று வீட்டுப் பாதையை மறித்துக் கிடந்தது. வேர் மண்ணுக்குள்; நுனியோ விழுந்த ஊசியிலை மரத்தின் அடியில் மாட்டி, பக்கவாட்டில் வில்லாய் வளைந்து. மதியம் சவ வண்டி வந்துவிடும். அதற்குள் பாதை திறந்தாக வேண்டும்.

அல்கோட்டின் மனைவி டீரா இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொட்டகையில் சவப்பெட்டிமேல் கைவைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? இயற்பியல் டீச்சர் அல்லவா, கல்நெஞ்சுக்காரி என்றது.

அல்கோட்டின் தம்பி சிக்ஸ்டென் ரம்பத்தை எடுத்ததும் அவன் பின்னாலேயே ஓடினாள். இன்னொருவனையும் பறிகொடுக்க அவளால் முடியாது.

"வெளிவளைவுல நிக்காதடா! உங்கண்ணன் நின்ன இடமே அதுதான்."

"உள்பக்கம் அறுத்தா ரம்பம் மாட்டிக்கும் அண்ணி. பாக்குறவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். அந்த மானத்துக்குத்தானே அவரு செத்தாரு!"

காட்டுக்காரர்களின் பாழாய்ப்போன வீம்பு அது. இழுபட்டு நிற்கும் வெளிப்பக்கத்தில் வைத்தால் ரம்பம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கூடவே மரம் பிளந்து அடிக்கும்.

"மரம் சும்மாதானே கிடக்கு?" சிக்ஸ்டென் மரத்தைத் தட்டிப் பார்த்தான். "அண்ணனும் அப்படித்தான் சொன்னான்."

"சும்மா இல்லடா. எந்த இடத்துல வேணா மரத்துக்குக் குறுக்க மனசுக்குள்ள ஒரு கோடு போட்டுப் பாரு. வெளிப்பக்கத்துல, கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கத்த எவ்வளவு இழுக்குதோ, அதுவும் இத அவ்வளவே இழுக்குது. உள்பக்கத்துல ஒண்ண ஒண்ணு அதே மாதிரி நெருக்குது. ஒண்ணுக்கொண்ணு விடாம பிடிச்சிருக்கு, அதான் அசையாம கிடக்கு."

சிக்ஸ்டென் உள்பக்கம் வந்தான். ரம்பம் மாட்டத் தொடங்கும்வரை லேசாக அறுத்தான். பிறகு அங்கே நின்றபடியே கையை நீட்டி வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறினான். மரம் முனகியது. படீரென்று இரண்டு பாதியும் வெளியே துள்ளி, அவன் முதலில் நின்ற இடத்தை அடித்துக்கொண்டு போயின.

"பொழச்சேன் அண்ணி!" என்று அவன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

சாவு வீட்டு வழக்கப்படி ஊசியிலைக் கிளைகளை நறுக்கிப் பாதையில் தூவினார்கள். வண்டி வந்தது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் டீராவின் கையை மெல்ல விலக்கினார்கள்.

ஐயோ, அதுவரைதான். பெட்டி வாசலைத் தாண்டியதும் அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்னைப் பிடிச்சிருந்த பக்கத்தையே தூக்கிட்டுப் போறாங்களே சிக்ஸ்டென்! இனி நான் எப்படிடா நிப்பேன்?"

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன ஊர்ப்பெண்கள் இருவர்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள்.