தாலினிலிருந்து வந்த கடைசிப் பக்கம்

தபால்காரர் பத்திரிகைக் கட்டை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனதும் ஆர்வோ கத்தரிக்கோலைத் தேடினார். கிடைக்கவில்லை. பல்லாலேயே சணலைக் கடித்து அறுத்தார். பெரிய படிப்புப் படித்த ரசாயன நிபுணர்தான். ஆனால் பத்திரிகைக் கட்டு வருகிற நாளில் மனுஷருக்குப் பொறுமை என்பதே கிடையாது.

வாணியம்பாடித் தோல் சோவியத் நாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. தோல் பதனிட ஜவ்வாது மலைக் கடுக்காய் எவ்வளவு தேறும் என்று பார்க்க அங்கிருந்து வந்தவர் அவர். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு முதலாளி என்னை அவரோடு மாட்டிவிட்டார். "மலக்காத்து ஒடம்புக்கு நல்லது முக்தார், போய்ட்டு வா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மலைமேல் நாங்கள் தங்கிய பங்களாக் குளிரில் பல் கிட்டித்துப் போனது எனக்கல்லவா!

ஊரே அவரை 'ரஷ்யா தொர' என்றது. "நான் ரஷ்யன் இல்லை, எஸ்தோனியன்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். யார் கேட்டார்கள்? எஸ்தோனியா என்பது ரஷ்யா விழுங்கிக்கொண்ட ஒரு சின்ன நாடாம். தாலின் என்கிற அவருடைய ஊரிலிருந்து வரும் அந்தப் பத்திரிகையும் அவர் மொழிதான். அதை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"முதல் பக்கம் மாஸ்கோவுடையது. எழுத்து மட்டும்தான் எங்களுடையது" என்றார். பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னார். அவர் அண்ணன் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். ரஷ்யப் பட்டாளம் வந்ததும் பத்திரிகையின் பெயர் மாறியது, ஆசிரியர் மாறினார். ஜெர்மன்காரன் வந்து போனான். மறுபடி ரஷ்யர்கள், மறுபடி கட்சியின் பத்திரிகை. அச்சு இயந்திரமும் ஈய எழுத்தும் அதேதான். அண்ணன் பழைய சுதந்திர நாட்களை மறக்காத ஆள். ஒரு மார்ச் மாதம் அவரை ரயிலேற்றி சைபீரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டாலின் செத்தபின் பலர் திரும்பினார்கள். அண்ணனைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் அம்மாவும் எழுதுவதில்லை. கடைசிப் பக்கத்து மரண அறிவிப்புகளில் இறந்தவர் பெயருக்குக் கீழே துக்கப்படுகிறவர்கள் பெயர் வரும். போனவர்களில் யார் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள் என்று ஊர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளுமாம்.

பல்லால் சணலை அறுத்த அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அம்மா" என்றார் என்னிடம். பத்திரிகையை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் புளியந்தோப்புப் பக்கம் நடந்தார். தந்தி கொடுத்திருப்பார்கள், மெட்ராஸில் எந்த மேஜையில் தூங்கியதோ.

சமையல்கார சுந்தரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா சாய்பு, தொர அழுதுகினு போறாரு?"

"அவங்கம்மா செத்துட்டாங்களாம். பேப்பர்ல வந்துக்குது."

"அய்யோ பாவமே, தேசம் விட்டு தேசம் வந்த எடத்துல!" என்றாள். நான் அவருக்குத் துணையாகத் தோப்புப் பக்கம் போனேன்.

வெயில் தாழ்ந்து திரும்பியபோது மேஜை காலியாக இருந்தது.

"சாவு சேதி வந்த காயிதத்த வூட்ல வெச்சிருப்பாங்களா? அப்பவே கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் சுந்தரம்மாள்.

வாணியம்பாடியில் நானும் பார்த்ததுதான். பக்கத்து வீட்டுக்குச் சாவுக் கார்டு வந்தால் வாசலிலேயே கிழித்துவிடுவார்கள். இருந்தாலும், "அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

ஆர்வோ அவளைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா பெயர் வரைதான் படித்தேன். கீழே பார்க்கப் பயமாக இருந்தது. கொஞ்சம் நடந்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்" என்றார். இன்னொரு பிரதி கேட்கலாமே என்றேன். "எதற்கு அந்த இதழ் என்று கடிதம் பிரிக்கிறவர்கள் தோண்டுவார்கள். அண்ணன் இருந்தால் அவனுக்குத்தான் ஆபத்து."

சுந்தரம்மாளுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அண்ணன் பேர் அதில் இருந்திருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், இல்லையென்றால் இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கே சங்கடமாகிவிட்டது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணங்காரரு செத்துட்டாருன்னு எவனாச்சும் வந்து சேதி சொன்னானா?"

"இல்ல."

"அப்ப இருக்காரு. சேதி வராத ஆள நாம எப்டி சாவடிக்கிறது? பெத்தவளுக்கு ரெண்டு புள்ள. ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திக்கணும். பெரியவரு எட்டத்துல இருந்தா, சின்னவரு அவருக்கும் சேத்து ஊத்திக்கட்டும். தண்ணி எடுத்து வெச்சிக்கிறேன், இட்டுகினு வா."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஆர்வோ அவள் முகத்தையே பார்த்தார். "நிச்சயமாகச் சொல்கிறாளா?"

"ஆமாம்" என்றேன்.

சட்டை, கால்சட்டையோடு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். முதல் குடத்தை அவர் தலையில் ஊற்றினேன். இரண்டாவதைத் தூக்கியபோது சுந்தரம்மாள் தடுத்தாள்.

"பேர சொல்லி ஊத்து சாய்பு. யாருக்குன்னு தெரிய வாணாமா?"

பெயரைக் கேட்டேன். "எண்டெல்" என்றார்.

"எண்டெல்" என்று சொல்லிக் குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகும் ஆர்வோ எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்பது போலத் தலையைக் குனிந்தே வைத்திருந்தார்.