ஓங்கி ஒரு அடி

...மறுபடியும் ஒட்டிக்கொண்டது, உடும்புப் பிடி, இழுத்தால் வருகிறதா பார், கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டி வெல்டிங் ராடை இரும்பிலிருந்து பிய்த்தெடுப்பதற்குள் அந்தக் கிழட்டு வெல்டிங் மெஷின் உறுமுகிற உறுமல் இருக்கிறதே, இவள் என்னவோ அதன் குடியைக் கெடுத்தவள் போல... சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கணவர் திரும்பவில்லை, திரும்பவும் கூடாது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வெளிச்சமே ஆகாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் சில வாரமாகப் பட்டறையில் இதுதான் ஏற்பாடு, இவள் நெருப்போடு, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் விட்டுவிட்டு. "குத்தாத. தீக்குச்சிய உரசற மாதிரி உரசு." தீக்குச்சி உரசத் தெரியாதா இவளுக்கு, அடுப்பு ஒருநாளாவது இப்படி மக்கர் பண்ணியதுண்டா... பழைய இரும்புக்காரர் சாயங்காலம் வண்டியோடு வந்துவிடுவார், மெஷினைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் பட்டறைக்குப் பூட்டு, அவ்வளவுதான். நான் கத்துக்கறேனே என்று அன்றைக்கு இவள் கேட்டதற்குச் சிரித்தார் மனுஷன். "அவர் வர்ற வரைக்கும் கத்துக்க, யார் வேணாங்கறா?"

உரசினாள், பிடித்துக்கொண்டது, கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சையாய் ஒரு பொட்டு, அதன் பின்னால் இரும்பு குழம்பாய் உருகிக் கூடவே வருகிறது, விடாதே, விடாதே, எண்ணெயில் பொரிகிற சத்தம் வந்தால் சரி, படபடவென்று துப்பினால் தப்பு... "நீளுது, கிட்ட கொண்டு போ." எப்படித் தெரிகிறது இவருக்கு? ராடின் நுனி ஒரு அரிசி அளவு விலகியதைக் காதால் கேட்கிறார், இதே மனுஷனிடம் வீட்டில் ஒரு விஷயத்தை நாலு தடவை சொன்னால்தான் ம் என்பார், காது மந்தம் என்று தங்கையிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாளே, பாவம். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர் இத்தனை நாளில் ஒரு வார்த்தை அதட்டவில்லை, நினைக்கும்போதே நெஞ்சு நிறைந்தது, கண்ணும் நிறைந்தது, முக மறைப்புக்குள் கையை விட்டுத் துடைக்கவா முடியும்... ஆனாலும் ஏன் அதட்டவில்லை? வேலைக்கு வந்த ஆட்களைத் தெருவே கேட்கத் திட்டுவாரே, இவளிடம் மட்டும் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி... ராடு தீர்ந்தது. மேலே படிந்த கசடைக் கொத்தித் தட்டினால் உள்ளே இணைப்பு வரிவரியாய், பளபளவென்று, அட, நானா போட்டேன்? அவர் எழுந்து வந்தார், இரும்புத் துண்டை இடுக்கியில் மாட்டி, தினமும் போலச் சுத்தியலால் டொக் டொக். "போதும், நல்லாத்தான் இருக்கு."

"வேலைக்கு வந்த ஆளா இருந்தா இப்படித்தான் தட்டுவீங்களா?" கேட்ட பிறகுதான் கேட்டோம் என்றே தெரிந்தது. அவர் சுத்தியலைக் கை மாற்றிப் பிடித்தார், ஓங்கி ஒரே அடி. பளபளத்த இணைப்பு வாயைப் பிளந்துகொண்டது, உள்ளே கறுப்பாய்க் கசடு. "என்ன அவசரம் உனக்கு? உள்ள பூரா கசடு! மேல வழவழன்னு இருந்தா போதுமா? நாளைக்கு ஒருத்தன் இத நம்பிச் சாய மாட்டான்?" கத்தினார், தெருவில் போன யாரோ எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார், இவளுக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, திட்டு வாங்கி வயிறு குளிர்ந்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், குரல் நன்றாகவே கேட்டது. "இன்னிக்கு வராதீங்க... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. இங்க ஒரு ஆள் புதுசா சேர்ந்திருக்கு. ஒண்ணும் தெரியல. பார்ப்போம்." ஒரு ஆள்! நல்லா இருக்கணும் இந்த மனுஷன், உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மனசாரச் சொல்லிக்கொண்டாள்... அப்படியானால் இத்தனை நாள் அந்த டொக் டொக் எதற்கு? இவள் மனசு நோகக்கூடாதென்றா, மெஷினே போகிறது, இனி எதற்கு வம்பென்றா? இவளும்தான் ஏன் இன்றுவரை கேட்கவில்லை, கேட்டால் உடைத்துவிடுவார் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ... உள்ளே வந்தவர் அங்கேயே நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ராடை மாட்டினாள், மறைப்பை முகத்துக்கு எடுத்தாள். "அங்க என்ன பார்வை? திரும்பி உட்காருங்க," என்று அதட்டினாள், அவர் மறுபேச்சில்லாமல் திரும்பி உட்கார்ந்தார்.