நாத்தனார் முடிச்சு

விசா கிடைத்தவர்களின் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தான் ராம்ப்ரசாத். எல்லோரும் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி பல்லைக் காட்டினார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருந்த அந்த கன்சல்டன்ஸிக்குள் நுழையும்போதெல்லாம் நீரஜாவுக்கு அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும்போல இருக்கும்.

அன்று அவளோடு மாமனும் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன் புருஷோத்தமன், பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். நீரஜாவின் நைனா லாரி கவிழ்ந்து செத்த பிறகு அவளுடைய காலேஜ் பீஸை அவர்தான் கட்டினார். கட்டியதை ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லியும் வைத்தார். அவள் உணவுத் தொழில்நுட்பத்தில் டிகிரி முடித்துவிட்டாள். அவர்கள் வம்சத்தில் டிகிரி என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆஸ்திரேலியாவில் மேலே படிக்க இடமும் கிடைத்துவிட்டது. பாக்கி விசா. விசாவுக்கு, செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஸ்பான்சர் வேண்டும். ஸ்பான்சர் என்றால் மாமனை விட்டால் வேறு நாதி இல்லை.

"மன அம்மாயி, நம்ம பொண்ணு, ப்ரொஃபைல் சூப்பர் சார்," என்றான் ராம்ப்ரசாத். "மார்க்கு, இங்கிலீஷ் டெஸ்ட்டு, எதுலயும் கை வெக்க முடியாது."

"அவ போறது இருக்கட்டும்பா," என்றார் மாமன். "எம் புள்ள எப்டிப் போவான்? அத்தச் சொல்லு."

புள்ளை மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். வேங்கடேஷ். டிகிரியைப் பாதியில் விட்டவன். இங்கிலீஷ் டெஸ்ட் எழுதப் போய், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்தவன்.

ராம்ப்ரசாத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். படிக்கப் போகும் பெண்ணோடு புருஷனும் போகலாம். போய் வேலையும் செய்யலாம். புருஷனுக்கு டெஸ்ட்டும் வேண்டாம், டிகிரியும் வேண்டாம். கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி இருந்தால் போதும்.

நீரஜா எழுந்தாள். "நான் படிக்க அப்ளை பண்ணேன். புருஷன் வேணும்னு அப்ளை பண்ணல."

"உக்காரும்மா," என்று மாமன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "பேப்பர்லதான். அங்க போனப்புறம் நீ யாரோ அவன் யாரோ. மாமன் உன்ன ஏமாத்துவனா?"

"நம்மகிட்ட இந்த மாதிரி நிறைய ஃபைல் போயிருக்கும்மா," என்றான் ராம்ப்ரசாத். "கோயில்ல மாலை போட்டுக்கிட்டு நாலு படம். தாலிய கழுத்துகிட்ட பிடிச்சிக்கிட்டு ஒண்ணு. கட்டவே வேணாம், ஜஸ்ட் பிடிச்சிக்கிட்டா சாலு, போதும். போட்டோகிராபரை நானே அனுப்பறேன்."

"நீ வேணான்னா, நான் மட்டும் உன்னத்தான் வேணும்னு அழுதுக்கினு கீறனா?" என்றான் வேங்கடேஷ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஒத்துக்கொண்டாள். தெரியாமல் ஒத்துக்கொண்டாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. பொய் என்று நன்றாகத் தெரியும். எங்கோ ஒரு நாட்டில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியிடம் சொல்லப் போகும் பொய்தானே, அவன் என்ன அத்தை மகனா, சித்தப்பன் மகனா என்று நினைத்தாள். பொய்க்கு இரண்டு பக்கம் உண்டு, ஏமாறும் பக்கத்தில் தானும் நிற்கலாம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கிளம்பும்போது ராம்ப்ரசாத் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும், அவளுடைய சர்டிபிகேட்டுகளையும் ஒரு ஃபைலில் போட்டு நீட்டினான். அவள் கை நீட்டுவதற்குள் மாமன் வாங்கி அக்குளில் செருகிக்கொண்டார். "எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

சித்தூரைத் தாண்டி, சின்ன மலை ஒன்றின் மேல் இருக்கும் முருகன் கோயிலில் படம் பிடிப்பதாக ஏற்பாடு. கங்காதர நெல்லூரிலிருந்து அம்மாவும் அவளும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். அம்மா சென்னம்மா மாங்கூழ் பேக்டரியில் சீசனுக்கு வேலை செய்பவள். மாங்காய்ப் பாலில் வெந்து கறுத்த அவள் விரல்களில் அன்று புது மருதாணி இருந்தது.

"உனக்கு எதுக்கும்மா மருதாணி?"

"ஏன், நான் வெச்சிக்கக் கூடாதா?"

கோயில் மண்டபத்தில் ஏறியதும் வடை வாசனை மூக்கில் அடித்தது. பின்பக்கம் அடுப்பு மூட்டி ஆள் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பாயில் சாதிசனம் உட்கார்ந்திருந்தது. ஏர்பேட்டிலிருந்து வந்த கிழவர்கள்கூட இருந்தார்கள்.

"படம் புடிக்கறதுக்கு வடை எதுக்கு?" என்று கேட்டாள் நீரஜா.

"நாலு சனம் உக்காந்திருந்தாத்தான் படத்துல நெசமாட்டம் தெரியும்," என்றாள் அம்மா. "வந்தவங்களப் பட்டினியா அனுப்பறதா? எதுக்கெடுத்தாலும் கேள்வி."

அதுவும் சரிதான் என்று பட்டது. கூறைச் சேலையைச் சுற்றிவிட்டார்கள். முகத்தில் மஞ்சள் பூசினார்கள். மாலை போட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வேங்கடேஷ் பட்டு வேட்டியில் வேர்த்துக்கொண்டிருந்தான். ராம்ப்ரசாத் அனுப்பிய போட்டோகிராபர் குனிந்தும் நிமிர்ந்தும் படமெடுத்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம், முகூர்த்தம் தாண்டிப் போறது," என்றார்.

போட்டோவுக்கு எந்த ஊரில் முகூர்த்தம் பார்க்கிறார்கள்? அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தூணைப் பார்த்தாள்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வேங்கடேஷின் அக்கா ஹரிப்ரியா. ஓசூரில் வாழ்க்கைப்பட்டவள், தீபாவளிக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று சொல்பவள். அரக்குப் பட்டு உடுத்தி, கையில் விளக்கேந்தி நின்றாள்.

"அண்ணி, நீ எப்ப வந்த?"

"நேத்தே வந்துட்டேன்டி. ஒரே தம்பி. நான் முடிச்சு போடாம வேற எவ போடுவா?"

முடிச்சா? தமிழ் பேசும் அவர்கள் வீடுகளில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டையும் பின்னால் நின்று நாத்தனார் போடுவாள். அவள் போட்டால்தான் தாலி கட்டியதாகக் கணக்கு. தெலுங்கு வீடுகளில் மூன்றையும் மாப்பிள்ளையே போட்டுவிடுவான். அதனால் ராம்ப்ரசாத்துக்கு இந்தச் சங்கதியே தெரியாது. அவன் கேட்ட படங்களில் நாத்தனார் இல்லை. ஆஸ்திரேலியாக்காரனுக்கு நாத்தனார் எதற்கு? நாத்தனார் வேண்டியது கல்யாணத்துக்குத்தான்.

"அண்ணா," என்று போட்டோகிராபரைக் கூப்பிட்டாள். "படத்துக்கு முடிச்சு போடணுமா?"

"அக்கர்லேதும்மா," என்றார் அவர். "சும்மா பிடிச்சா போதும். எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க."

அந்தக் கேள்வி மாமன் காதில் விழுந்துவிட்டது. வந்து அவள் பக்கத்தில் குந்தினார். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது, குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"வாய மூடிக்கினு உக்காரு. கழுத்துல கயிறு இல்லாத பொண்ண நம்பி எம் புள்ளய கடல் தாண்டி அனுப்பறதுக்கு நான் இன்னா கேனயனா? அங்க போயி நீ எவன் கூடவாவது பூட்டா, இவன் நடுரோட்டுல நிக்கணுமா? மொறப் பொண்ணு, கேக்கற உரிம எனக்குக் கீது. உன்னப் படிக்க வெச்சவன் நானு. படிச்சிட்டன்னு ஆடாத."

அவருடைய அக்குளில் ஃபைல் இருந்தது. வேர்வையில் அதன் ஓரம் நனைந்திருந்தது.

அவளுக்கு வந்த கோபத்தில் முதல் பங்கு அவள்மேலேயே போயிற்று. வடை வாசனை, மருதாணி, முகூர்த்தம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்து பலகையில் குந்தியிருக்கிறாள். இப்போது கத்தினால் என்ன ஆகும்? இரண்டு பேர் தோளை அமுக்குவார்கள். ஒருத்தி தலையைக் குனிய வைப்பாள். கூச்சலோடு கூச்சலாக முடிச்சும் விழுந்துவிடும். கத்தாமல் எழுந்து ஓடினால், பாஸ்போர்ட்டும் டிகிரியும் மாமன் வீட்டு பீரோவில் கிடந்து செல்லரிக்கும்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ராம்ப்ரசாத் சுவரிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

"சரி மாமா. கட்டறதே கட்டறீங்க, வேலைக்கு ஆவுற மாதிரி ஒரு படம் புடிச்சிடலாம். தாலி ஏர்றப்ப ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டக் கையில வெச்சிக்கினு. அந்த ஆபீஸ் சொவுத்துல பாத்தீங்க இல்ல?"

மாமன் போட்டோகிராபரைப் பார்த்தார். "தீஸ்தாம், எடுத்துடலாம்," என்றார் அவர். கூலிக்கு வந்தவர், கூடுதலாக ஒரு படம் எடுப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

"பாத்தியா, இதான் படிச்ச புள்ள," என்று மாமன் கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். ஃபைலைப் பிரிக்கப் போனார்.

"அப்படியே குடுங்க மாமா, ஈரக் கையி, கசங்கிடும். நானே எடுக்கறேன்."

கொடுத்துவிட்டார். வேங்கடேஷின் பாஸ்போர்ட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். தன்னுடையதும் சர்டிபிகேட்டுகளும் ஃபைலுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. ஐயர் "கெட்டிமேளம்" என்றார். வேங்கடேஷ் தாலியைத் தூக்கினான். நீரஜா ஃபைலோடு எழுந்து நின்றாள். தூக்கிய கை வெறுங்காற்றில் நின்றது.

"அண்ணி, விளக்கக் கீழ வை, கை சுட்டுடப் போவுது," என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றிப் பலகையில் போட்டாள்.

மேளக்காரருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏய்! அப்ப என் விசா?" என்றான் வேங்கடேஷ். அவனுக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

"பரீட்ச எழுதி வாங்கு."

"இந்த ஜென்மத்துல நீ ஏரோப்ளேன் ஏற முடியாதுடி!" என்று மாமன் கத்தினார். "ஒத்தப் பைசா என் கையிலேருந்து வராது! எவன் குடுக்கறான்னு பாக்கறேன்!"

"பாருங்க," என்றாள் அவள். நடந்தாள். தொட வந்த ஒருத்தியை முழங்கையால் தள்ளினாள். யாரையாவது கடித்திருந்தால்கூடத் தேவலை என்றுதான் அவளுக்கு இருந்தது.

படிக்கட்டில் அம்மா ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "எங்க அண்ணன் மானத்த வாங்கிட்டியே பாவி! கட்டிக்கினா இன்னாடி கொறஞ்சிடும்? மொறதானே?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அம்மா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

இதை அம்மா கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் என்பதுபோலச் சொன்னாள். மாமன் கத்தியதையெல்லாம் நீரஜா படியிலேயே உதறிவிட்டாள். இதை உதற முடியவில்லை. முந்தானையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

கூறைச் சேலையோடும் மஞ்சள் முகத்தோடும் பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, "பெள்ளி கூத்துரு ஒண்ட்டரிகா?" என்றார், கல்யாணப் பெண் தனியாகவா என்று. "அவுனு," என்று தலையாட்டினாள். அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

ராம்ப்ரசாத் ஆபீசில் கூட்டம். பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ராம்ப்ரசாத் எழுந்து ஓடிவந்தான்.

"உள்ளே வாம்மா, உள்ளே பேசலாம். உங்க மாமா போன் பண்ணாரு."

"எதுக்கு உள்ள? இங்கியே பேசலாம். கல்யாணம் பண்ற ஆபீஸ்தானே, எல்லாரும் கேக்கட்டும்."

ஓர் அம்மாள் தன் மகளின் கையைப் பிடித்து இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள்.

"ஸ்பான்சர் போயிடுச்சும்மா," என்று குரலைத் தணித்துச் சொன்னான். "இப்ப அந்த ஃபைல்ல என்ன கீது? சும்மா காயிதம்."

"என் மார்க்கு கீது. நான் எழுதின டெஸ்ட்டு கீது. போடுங்க."

"ஸ்பான்சர்னு யார் பேரைப் போடறது?"

"எங்க அம்மா பேர. சென்னம்மா."

சொன்ன பிறகுதான் அந்தப் பேர் வாயில் வந்தது அவளுக்கே தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை. ஆனாலும் போடுவதற்கு வேறு பேர் அவளிடம் இல்லை.

"அவங்க பேக்டரில கூலி. கையெழுத்தாவது போடுவாங்களா?"

"கேக்கறேன். பேங்க்லயும் லோன் கேக்கறேன். இல்லன்னா ஸ்ரீசிட்டி கம்பெனிங்கள்ல எதுனா வேலைக்குப் போயி அடுத்த வருசம் போடறேன். நீங்க அனுப்பற பேப்பர்ல கல்யாணம் ஆகலன்னு இருக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

"ரிஜெக்ட் பண்ணிடுவாங்கம்மா," என்றான் ராம்ப்ரசாத். முதல்முறையாக அவன் வியாபாரம் பேசாமல் பேசினான். "நூத்துக்கு நூறு."

நீரஜா ஃபைலை அவன் மேசையில் வைத்தாள். கையை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"பண்ணட்டும். நீரஜாவ வேணாம்னு சொல்லட்டும். வேங்கடேஷ் பொண்டாட்டியா இருந்து எனக்கு விசா கிடைக்க வேணாம்."