நான் போட்ட முகம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். பிள்ளைகள் எனக்கு 'மிளகாய் மிஸ்' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் நுழைந்து பத்தடி நடப்பதற்குள் இரண்டு காதும் கொதித்துவிட்டன.

எங்கள் சுவரில் ஒரு சூரியகாந்தி பூத்திருந்தது.

அது அறுபதடி நீளம், ஏழடி உயரம் உள்ள சுவர். நூலில் நீலப் பொடி தடவி, இந்த முனையில் ஒருத்தி அந்த முனையில் ஒருத்தன் என்று இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் சுண்டிச் சுண்டி நானூற்று இருபது கட்டம் போட்டிருந்தேன். பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கட்டம், மீதி எட்டில் பள்ளியின் பெயர். சின்ன வகுப்புகளுக்குக் கீழ் வரிசை, பெரியவர்கள் பெஞ்சு மேல் ஏறி மேல் வரிசை. தலைப்பு ஒன்றுதான்: ஸ்கூலில் நீ தினமும் பார்ப்பது. சட்டமும் ஒன்றுதான். அடுத்தவர் கட்டத்தில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. எல்லோரும் முடித்த பிறகு ஒரு வாரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நான் தனியாக நின்று கறுப்பு எனாமலில் ஓரக்கோடு போட்டேன். கோணலாக நின்றதை நிமிர்த்தினேன், விட்டுப்போன காதை வைத்தேன். சோற்றுக்கு உப்பு போடுகிற மாதிரி ஓவிய டீச்சர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. அதற்குப் பெயர் ஃபினிஷிங்.

சூரியகாந்தி இருந்தது நாலாவது வரிசையில், வாசலுக்கு நேர் எதிரே. இதழுக்கு இதழ் நிழல் கொடுத்து, பிஸ்கட் டப்பா மேல் இருக்கிற மாதிரி அச்சாக இருந்தது. எந்தப் பிள்ளையும் அப்படி வரையாது. அது ஏழாம் வகுப்பு சுருட்டையின் கட்டம். சுருட்டை முடிக்காரி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவள் போல் இருப்பாள். அவள் வரைந்திருந்தது நீளமான வராந்தாவில் ஒரு வாளி, குனிந்து தரை துடைக்கிற ஒரு பெண். அந்தப் பெண் அவள் அம்மா, எங்கள் பள்ளி ஆயாம்மா.

நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"அந்தப் பூ யாரு போட்டது மேடம்?"

"பேர் எழுத பெயின்டர் வந்திருக்காரே, அவரை விட்டுப் போடச் சொன்னேன். உக்காருங்க."

"உக்கார வரல. அது ஒரு குழந்தையோட கட்டம்."

"நாளைக்குத் திறப்பு விழா. விருந்தாளி வாசல்ல கால் வைச்சதும் கண்ணு நேரா அங்கதான் போகும். குனிஞ்சு தரை துடைக்கிற படமா நம்ம ஸ்கூலுக்கு அடையாளம்?"

"அவங்க துடைக்கலேன்னா நாளைக்கு உங்க விருந்தாளி வழுக்கி விழுவாரு!"

"வார்த்தையை அளந்து பேசுங்க டீச்சர். நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"நானூத்திப் பன்னெண்டு பேர்ல ஒரு பிள்ளை காணாமப் போனா, ஒண்ணுதானேன்னு விட்டுடுவீங்களா? பிள்ளைங்க போட்டதுல கை வைக்க யாருக்கும் உரிமை இல்ல. உங்களுக்கும் இல்ல. பூ இருந்தா நாளைக்கு விழாவுல நான் இருக்க மாட்டேன். ஏன் இல்லேன்னு உங்க விருந்தாளி கேட்டா, நானே வாசல்ல நின்னு சொல்லுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "என்னமோ பண்ணித் தொலைங்க. நாளைக் காலைல சுவர் பாக்கிற மாதிரி இருக்கணும்."

படை ஜெயித்து வந்த மாதிரிதான் வெளியே வந்தேன். உண்மையைச் சொல்வதானால், எனக்கு என்னை மிகவும் பிடித்திருந்த நிமிஷம் அது.

முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. என் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும் போல, பாதிப் பள்ளிக்கூடம் சுவர்முன் கூடிவிட்டது. பெயின்டர் ஸ்டூலை விட்டு இறங்கினார்.

"சொன்னதைச் செஞ்சேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். விடியக்காலைல போட்ட தண்ணிப் பெயின்ட்தான். ஈரத்துணிக்கு வந்துடும்."

"ஆயாம்மா!" என்று கத்தினேன். தலைமையாசிரியை அறை ஜன்னல் வரை கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். ஆயாம்மா வாளியும் துணியுமாக ஓடி வந்தார், எங்கேயோ எதுவோ கொட்டிவிட்டது என்று நினைத்து.

"இந்தப் பூவுக்கு அடியில இருக்கிறது உங்க படம். உங்க பொண்ணு போட்டது. உங்க கையாலேயே துடைங்க."

"என் படமா?" என்றார் ஆயாம்மா. என் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு துணியைப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தார். மஞ்சள் வழிந்து வாளி தெரிந்தது. வளைந்த முதுகு தெரிந்தது. கடைசியில், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற முகம் தெரிந்தது.

ஆயாம்மா துணியோடு அப்படியே நின்றார்.

"இதுவா டீச்சர்? பதினஞ்சு நாளா இதுக்குக் கீழதானே பெருக்கறேன். இது வேற யாரோன்னு நினைச்சேன்." கூட்டத்தில் மகளைத் தேடினார். "ஏன்டி, அம்மாவைப் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

சுருட்டை முன்னால் வந்தாள். நான் அவள் தோளில் கை போடப் போனேன். அவள் விலகிக்கொண்டாள்.

"அது நீ இல்லம்மா."

"மிஸ் சொல்றாங்களேடி."

"மிஸ்தான் வரைஞ்சாங்க. நான் முகமே போடல. என் பெஞ்சுல இருந்து பாத்தா உன் முதுகு மட்டும்தான் தெரியும். அதைத்தான் போட்டேன். அப்புறம் ஒருநாள் வந்து பாத்தா திரும்பிச் சிரிச்சுக்கிட்டு இருக்கு." அவள் குரல் நடுங்கியது. அது அழுகை இல்லை. எனக்கு அந்த நடுக்கத்தை நன்றாகத் தெரியும், என் சொந்த வியாதி அது. "நீ வேலை செய்யறப்ப சிரிக்க மாட்டே."

"பாதியில விட்டுட்டியேன்னுதான்மா..." என்றேன்.

"பாதி இல்ல மிஸ். முடிச்சுட்டேன். அடுத்தவங்க கட்டத்துல கை வைச்சா கையை ஒடிப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குக் காது கொதித்தது. ஒரு நிமிஷம் அவள் மேல்தான் கொதித்தது. உனக்காக இப்போது யாரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வருகிறேன் தெரியுமா, நன்றிகெட்ட கழுதை என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்குவதற்காகச் சுவர் பக்கம் திரும்பினேன்.

திரும்பியிருக்கக் கூடாது. காவல்காரன் கண், பூனையின் கண், மணி அடிக்கிறவர் கண், ஜன்னலில் உட்கார்ந்த காக்கையின் கண். எல்லாம் ஒரே கண். ஓரத்தில் லேசாகத் தூக்கி, உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்த, கல்லூரியில் நான் படித்த கண். அறுபதடிக்கு நானேதான் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை ஒரு கட்டத்தில் கை வைத்தார். நான் ஒன்றையும் விடவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மாட்டை விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"எனாமல் துணிக்கு வராது," என்றார் பெயின்டர் யாருக்கோ சொல்கிற மாதிரி. "உப்புத்தாள் வேணும்." பையிலிருந்து ஒன்றை எடுத்தார். சுருட்டை கையை நீட்டினாள், என்னிடம் இல்லை, அவரிடம். அவர் தாளைக் கிழித்து ஒரு துண்டு கொடுத்தார்.

அவள் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தாள். முதலில் சிரிப்பு போயிற்று, பிறகு மூக்கு, கடைசியாக என் கண். முதுகும் வாளியும் மட்டும் நின்றன.

ஆயாம்மா கிட்டே போய்ப் பார்த்தார். "ஆமா, இது நான்தான்," என்றார் மெதுவாக. "இடது தோள் இறங்கி இருக்கு பாரு. வாளி தூக்கித் தூக்கி எனக்கு அப்படித்தான்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மகளின் தலையில் வைத்தார்.

என் புடவையை யாரோ கீழே இழுத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன். "மிஸ், என் பூனைக்கு மீசை நான் வைக்கல."

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. "என் மரம் சாஞ்சுதான் இருந்துச்சு மிஸ்." அவளுக்குப் பின்னால் வரிசையே நின்றது. பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மிச்சத் தாள்களை எல்லாம் எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"என்ன நடக்குது அங்க?" தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கத்தினார். "நாளைக்கு விழா டீச்சர்! சுவரைக் கெடுக்கறாங்க!"

"நான் கெடுத்ததை அழிக்கறாங்க மேடம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. அதனால் இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பொடியன் பூனையின் மீசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலில் பலம் இல்லை, எனாமல் அசையவில்லை. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் சட்டென்று உப்புத்தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நீங்க வேணாம் மிஸ்."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் ஒரு தடவை திரும்பி, கட்டித்தான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.